பாளையங்கோட்டை எடிட்டிங் வகுப்பு: காலைக்கே காசு சரி

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் மாதம் ஒரு ஞாயிறு எடிட்டிங் வகுப்பு நடத்துகிறார்கள். கட்டணம் 1,500 ரூபாய், சாப்பாடு நம் செலவு. இந்த முறை முழு நாளும் ஒரே ஆளைப் பற்றித்தான். 2010இல் 46 வயதில் இறந்துபோன ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் சடோஷி கோன். முடித்தது நான்கே திரைப்படம், ஒரு டிவி தொடர். கல்யாண வீடியோ வெட்டுகிறவனுக்குக் கார்ட்டூன்காரரிடம் என்ன சோலி என்று வண்ணார்பேட்டை ஸ்டுடியோவில் ஒரே கேலி.

காலை வகுப்பு பிரமாதம். 'மில்லினியம் ஆக்ட்ரஸ்' (2001) நாயகி குதிரை, ரிக்‌ஷா, சைக்கிள் என்று போய்க்கொண்டே இருப்பாள். காலமும் உடையும் மாறும், வேகம் மட்டும் அறாது. சார் அதை ஷாட் ஷாட்டாக நிறுத்திக் காட்டினார். அனிமேஷனில் ஒவ்வொரு அசைவையும் வரைந்தாக வேண்டும். நாலு மடங்கு வரைந்துவிட்டு வேண்டாததை வெட்டிப் போடக் கட்டுப்படியாகாது. அதனால் எங்கே கட் என்பது ஸ்டோரிபோர்டிலேயே, அதாவது காட்சிகளை முன்கூட்டிப் படமாக வரைந்து வைக்கும் தாளிலேயே, முடிவாகிவிடும். கோன் மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) வரைந்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர், அந்தக் கணக்கு அவருக்குக் கைவந்தது. நாம்தான் மூன்று கேமராவில் எடுத்துக் குவித்துவிட்டு டைம்லைனில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மதியம், மற்ற இயக்குநர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை. 'பெர்ஃபெக்ட் ப்ளூ' (1997) நாயகி குளியல் தொட்டியில் தண்ணீருக்குள் முகம் வைத்துக் கத்துவாள். டேரன் அரோனோஃப்ஸ்கியின் 'ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்' (2000) படத்திலும் அதே காட்சி. கோனுக்குச் செலுத்திய மரியாதை அது என்று அவர் சொன்னதைக் கோனே எழுதியிருக்கிறார். சரி. ஆனால் அதற்காக ரீமேக் உரிமையையே வாங்கினார் என்று வகுப்பில் அடித்துச் சொன்னார்கள். அரோனோஃப்ஸ்கியே மறுத்த கதை அது. என்னைக் கேட்டால் தொட்டி பெரிய விஷயமில்லை. தன்னைப் போலவே இன்னொருத்தியைப் பார்த்து மிரளும், அரோனோஃப்ஸ்கியின் 'பிளாக் ஸ்வான்' (2010) நாயகியிடம்தான் கோன் ஆழமாகத் தெரிகிறார். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்கவில்லை.

இன்னொரு குறை: 'பெர்ஃபெக்ட் ப்ளூ' பெரியவர்களுக்கான படம் என்று முன்கூட்டியே சொல்லவில்லை. ஒருவர் பள்ளிக்கூடப் பையனைக் கூட்டி வந்துவிட்டு, பாதியில் வெளியே அழைத்துப் போனார். பாவம்.

அப்புறம் வந்த ஒரு கல்யாணத்தில் நான் தொட்டியை எல்லாம் தேடவில்லை. மாப்பிள்ளை அழைப்பில் காரிலிருந்து இறங்கும் கால், மறுநாள் மணவறையில் ஏறும் கால். இரண்டும் ஒரே பக்கமிருந்து ஃபிரேமுக்குள் வர வேண்டும் என்று கேமராப் பையனிடம் முதல் நாளே சொல்லி வைத்தேன். ஒட்டிப் பார்த்தால் ஒரே அடி! மாப்பிள்ளையின் மாமாவுக்கு மட்டும் திருப்தியில்லை: "என்ன தம்பி, ஊர்வலத்தையே காணோம்?" ஊர்வலத்தைத் தனி வீடியோவாகப் போட்டுக் கொடுத்தேன்.

திரை கொஞ்சம் மங்கல், பின்வரிசையில் உட்காராதீர்கள். எங்கள் தொழிலில் முகூர்த்த மாதங்களில் ஞாயிறு கிடைக்காது. மார்கழியில் வைத்தால் ஜங்ஷன் பக்கத்து ஸ்டுடியோ ஆட்கள் பாதிப்பேர் வருவார்கள் என்று வகுப்பு நடத்துகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.