பைக்கில் சேடில் ஸ்டே மாட்டியவர்கள் ஷாக் அப்சார்பரின் மேல் நட்டை ஒருமுறை பாருங்கள்

என் வண்டி 2018 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. போன மாதம் நானும் மனைவியும் கொல்லிமலை போகலாம் என்று முடிவெடுத்ததும், பின்சீட்டின் இரண்டு பக்கமும் பை தொங்கவிட சேடில் ஸ்டே என்னும் கம்பிச் சட்டம் வாங்கினேன். சென்னையில் ஆக்சஸரீஸ் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில்தான். ஜோடி 3,200 ரூபாய், மாட்டுக்கூலி 300.

பெட்டியின் மேல் புது கிளாசிக்கின் படம் போட்டிருந்தது. கேட்டேன். "ரெண்டும் கிளாசிக்தான் சார், எல்லாம் ஒரே அளவுதான்" என்றார் கடைக்காரர். 2021 செப்டம்பரில் வந்த கிளாசிக்கின் இன்ஜினும் வேறு, சேசிஸும் வேறு. பேர் மட்டும்தான் ஒன்று. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அவர் பேச்சை நம்பினேன், மறுநாள் விடியற்காலை கிளம்ப வேண்டியிருந்தது.

மாட்டும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். ஸ்டேயின் மேல் தகடு, பின் ஷாக் அப்சார்பரின் மேல் நட்டில் உட்கார வேண்டும். ஓட்டை பொருந்தவில்லை. ரவுண்டு அரத்தை எடுத்து ராவி ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். அப்போதும் கம்பி மட்கார்டில் இடித்ததால் ஒரு பைப்பைச் செருகி வளைத்தார்கள். அதுவும் போதவில்லை என்று உள்ளே இரண்டு வாஷர் போட்டுத் தள்ளி, அதற்கு மேல் தகடு, அதற்கு மேல் நட்டு. சாரி கார்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, "இதெல்லாம் இப்ப யாரு சார் வெச்சிருக்காங்க" என்றார்கள். பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. பின்னால் உட்காருகிறவர்களின் துணி சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. துப்பட்டா போடுகிற மனைவியை ஏற்றிக்கொண்டு போகும் நான் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆத்தூர், ராசிபுரம் வழியாகக் காரவள்ளி வரை வண்டியில் ஒரு குறையும் தெரியவில்லை. அங்கிருந்துதான் மலை ஏற்றம், 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவு நெருங்கும்போது பின்பக்கம் லேசாக அலைவது போல இருந்தது. ரோடு சரியில்லை போல என்று நினைத்தேன். "ஏங்க, பை என் கால்ல இடிக்குது, கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் அவள். அவள் சொல்லியிருக்காவிட்டால் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.

இடது ஸ்டே உள்பக்கமாகச் சரிந்திருந்தது. பையின் கீழ் மூலையை டயர் தேய்த்து உள்ளங்கை அளவுக்கு ஓட்டை, அதன் வழியே என் சட்டைத் துணி வெளியே தெரிந்தது. வலது பக்கப் பை சைலன்சர் மேல் படிந்து, அடிப்பகுதி உருகி ஒட்டியிருந்தது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஷாக் அப்சார்பர். இடது பக்க மேல் நட்டு விரலால் தொட்டாலே சுற்றியது. ஷாக்கின் மேல் வளையம், அதைத் தாங்கும் மரை போட்ட தண்டான ஸ்டட்டில் கொஞ்சம் வெளியே நகர்ந்து வந்திருந்தது. இன்னும் நாலைந்து வளைவு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

அங்கேயே ஸ்டே இரண்டையும் கழற்றினேன். வளையத்தை உள்ளே தள்ளி, வாஷரும் தகடும் இல்லாமல் அதே நட்டைப் போட்டு ஸ்பேனரால் முறுக்கியதும் அது கடைசிவரை ஏறி இறுகி நின்றது. கோளாறு நட்டில் இல்லை. வாஷரும் தகடும் இடத்தை அடைத்துக்கொண்டதால் நட்டு இரண்டு மூன்று மரையில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. என்ஃபீல்டின் அதிர்வுக்கு அது எத்தனை கிலோமீட்டர் தாங்கும்? மனைவியைப் பைகளோடு கீழே போகும் பேருந்தில் ஏற்றிவிட்டு, நான் மெதுவாக இறங்கினேன்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நிறுத்தினேன். அங்கிருந்த வெல்டர் அண்ணன் ஸ்டேயைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கம்பியும் தகடும் சேரும் இடத்தில் பெயிண்டை நகத்தால் சுரண்டிக் காட்டினார். சுற்றிலும் வெல்டிங் ஓடவில்லை, இரண்டு இடத்தில் பொட்டு வைத்தது போலத் தொட்டு விட்டிருந்தார்கள். ஒரு பொட்டு ஏற்கனவே விரிசல் விட்டிருந்தது. "நட்டு இறுக்குனா மரை ஒண்ணு ரெண்டாவது வெளிய தெரியணுங்க தம்பி. தெரியலைன்னா அது புடிக்கலைன்னு அர்த்தமுங்க. வூட்டுக்காரம்மாவ வேற பின்னால உக்கார வெச்சுட்டு வந்திருக்கீங்க" என்றார். பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை.

சென்னை திரும்பியதும் கடைக்குப் போனேன். ஓவர்லோடு ஏற்றினேன் என்று என் மேலேயே பழியைப் போட்டார்கள். பைகளை நாமக்கல்லிலேயே எடை போட்டிருந்தேன். ஒன்று ஐந்தரை கிலோ, மற்றது ஆறு கிலோ. சொன்னேன், காதில் வாங்கவில்லை. சரி, பில்லை வைத்துப் பேசலாம் என்று எடுத்துப் பார்த்தால், மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச்சீட்டு. ஜிஎஸ்டி எண் கிடையாது, கடை முத்திரை கிடையாது, எந்த மாடலுக்கான ஸ்டே என்றும் எழுதவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தபோது அவர்கள் முதலில் கேட்டது பில்லைத்தான். ஜிபே ரசீதையும் படங்களையும் வைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

வாங்கப் போகிறவர்கள் உங்கள் வண்டியின் மாடலையும் வருடத்தையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். அரத்தைக் கையில் எடுத்தாலே அது உங்கள் வண்டிக்கான ஸ்டே இல்லை. ஏற்கனவே மாட்டியிருப்பவர்கள், ஷாக்கின் மேல் நட்டுக்கு வெளியே ஸ்டட்டின் மரை தெரிகிறதா என்று இன்றைக்கே டார்ச் அடித்துப் பாருங்கள்.

என் நண்பன் ஒருவன் ஆறு மாதத்துக்கு முன் இதே கடையில் இதே ஸ்டேயை மாட்டியிருந்தான். வண்டியும் என்னுடையது போலப் பழைய கிளாசிக்தான். நேற்று இரவு அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். இடது பக்கம் மரையே தெரியவில்லை. வலது பக்க நட்டு ஸ்பேனர் போடாமலே கையோடு வந்தது.