மெர்சிடிஸ் 300டி-யில் சமையல் எண்ணெய்: இரட்டை டேங்க் கிட் வாங்கலாமா?

கையில் பழைய மெர்சிடிஸ் 300டி இருக்கிறது, ஒரே மூச்சில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போகும் ஓட்டம் இருக்கிறது, பொரித்த சமையல் எண்ணெயைத் தெளியவைத்து வடிகட்ட ஷெட்டில் இடமும் இருக்கிறது என்றால், டீசல் டேங்கோடு எண்ணெய்க்கென்று இன்னொரு டேங்கும் சேர்த்து ஓடவைக்கும் இரட்டை டேங்க் கிட்டைத் தயங்காமல் வாங்குங்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பணத்துக்கு டீசலே போட்டுக்கொள்ளலாம்.

டீசல் இன்ஜின் தாவர எண்ணெயில் ஓடும் என்பது பழைய செய்தி. 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியிலேயே ஒரு சிறிய டீசல் இன்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. அது எத்தனை காலம் பழுதில்லாமல் ஓடும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது எண்ணெயின் கெட்டித்தன்மை. ஐரோப்பிய டீசலின் கெட்டித்தன்மை 40 டிகிரியில் 2 முதல் 4.5 செண்டிஸ்டோக் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு). அதே சூட்டில் கனோலா எண்ணெய் சுமார் 35. எண்பது டிகிரிக்குச் சூடாக்கினால்தான் 12-ஐ ஒட்டி இறங்கும். குளிர்ந்த எண்ணெயை, சிலிண்டருக்குள் எரிபொருளைத் தூவும் இன்ஜெக்டரால் பொடிப்பொடியாகத் தூவ முடியாது. பெரிய துளிகள் முழுதாக எரியாமல் இன்ஜெக்டர் முனையிலும் பிஸ்டன் ரிங்கிலும் கரியாகப் படியும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே இன்ஜின் ஆயிலில் இறங்கும்.

இந்தச் சிக்கலுக்காக வந்ததுதான் இந்தக் கிட். அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் கிரீஸ்கார் போன்ற நிறுவனங்கள் 2000-களில் பிரபலப்படுத்திய முறை. டிக்கியில், இன்ஜினின் சூட்டை ஏந்தி வரும் கூலன்ட் திரவம் ஓடும் இரண்டாவது டேங்க், சூடாக்கிய ஃபில்டர், எண்ணெய் ஹோஸும் கூலன்ட் ஹோஸும் ஒட்டிச் செல்லும் கட்டு, மின்சாரத்தில் இயங்கும் இரண்டு சோலனாய்டு வால்வுகள், டாஷ்போர்டில் சுவிட்ச். வண்டியை டீசலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு வர வேண்டும். கிட்டின் விலையில் பெரும்பங்கு டேங்குக்குப் போகிறது. வேலையில் பெரும்பங்கைச் செய்வது கூலன்டின் சூட்டை எண்ணெய்க்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் வால்வுகளும்தான். விற்பவர்கள் டேங்கின் பளபளப்பைக் காட்டுவார்கள். நீங்கள் இந்த இரண்டையும் பாருங்கள்.

முதலில் ஹீட் எக்ஸ்சேஞ்சர். ஃபில்டருக்கும் இன்ஜெக்‌ஷன் பம்புக்கும் நடுவே, பம்புக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், ஒரு தட்டடுக்கு எக்ஸ்சேஞ்சர் இருக்க வேண்டும். டேங்கையும் ஃபில்டரையும் மட்டும் சூடாக்கும் மலிவுக் கிட்டுகள் உண்டு. அவற்றில் டேங்கிலிருந்து பம்ப் வருவதற்குள் எண்ணெய் நிறையச் சூட்டை இழந்துவிடும். கூலன்டை, காருக்குள் சூடேற்றும் ஹீட்டர் கோருக்குப் போகும் ஹோஸிலிருந்து எடுங்கள், ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். தெர்மோஸ்டாட் திறப்பதற்கு முன்பே அங்கே சூடு வந்துவிடும். பம்பின் வாசலில் ஒரு வெப்பமானி சென்சார் வைத்து, அது 70 டிகிரி காட்டிய பிறகே சுவிட்சைத் தட்ட வேண்டும். டாஷ்போர்டு மீட்டர் காட்டுவது கூலன்டின் சூடு, எண்ணெயின் சூடு அல்ல. பல கிட்டுகளில் இந்தச் சென்சார் வருவதில்லை, தனியாக வாங்கிப் போடுங்கள்.

டேங்குக்குள் செம்புச் சுருள் வைத்த கிட்டைத் தொடவே வேண்டாம். சூடான எண்ணெயும் செம்பும் நாள்கணக்கில் ஒட்டியிருந்தால் எண்ணெய் பாலிமராகி (மூலக்கூறுகள் பிணைந்து கெட்டியாகி), சுவரெல்லாம் வார்னிஷ் போலப் பிடித்துக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது அலுமினியம்தான் சரி. தட்டடுக்கு எக்ஸ்சேஞ்சர்களிலும் தட்டுகளைப் பொதுவாகச் செம்பு வைத்தே பற்றவைத்திருப்பார்கள். எண்ணெய் அதில் சில விநாடிகளே தங்குவதால் தாங்கும். நிக்கல் பற்றவைப்பு கிடைத்தால் அதையே கேளுங்கள்.

அடுத்து வால்வுகள். எண்ணெய் வரும் வழிக்கு ஒன்று, பம்பும் இன்ஜெக்டரும் திருப்பி அனுப்பும் வழிக்கு ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் மாறுகிற கிட்டை வாங்காதீர்கள். டீசலுக்கு மாற்றும்போது வரும் வழி முதலில் மாற வேண்டும். திரும்பும் வழி இன்னும் முப்பது விநாடியிலிருந்து ஒரு நிமிடம் வரை எண்ணெய் டேங்குக்கே போக வேண்டும். ஐட்லிங்கில் இன்ஜின் எரிப்பது கொஞ்சம்தான். டேங்கிலிருந்து எரிபொருளை இழுத்துவரும் லிஃப்ட் பம்ப் தள்ளுவது அதைவிடப் பல மடங்கு. அந்த உபரி டீசல்தான் பம்பில் மிஞ்சிய எண்ணெயை அடித்துக்கொண்டு போகிறது. இரண்டும் ஒன்றாக மாறினால் அந்த எண்ணெய் டீசல் டேங்கில் விழும், நாளடைவில் ஸ்டார்ட் செய்யும் டீசலே கெட்டுப்போகும். தாமதம் அதிகமானால் எண்ணெய் டேங்கில் டீசல் ஏறிக்கொண்டே இருக்கும். எனவே தாமதத்தை நாமே மாற்றக்கூடிய டைமர் உள்ளதாக வாங்குங்கள். பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை போகும் மெல்லிய குழாய்களில் உள்ள எண்ணெய் எரிந்துதான் தீர வேண்டும். அதற்காகக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை டீசலிலேயே ஓட்டிவிடுங்கள்.

300டி-யை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? அதன் ஓஎம்617 ஐந்து சிலிண்டர் இன்ஜினில் எரிபொருள் முதலில் ஒரு முன்னறையில் எரிகிறது. தூவல் கொஞ்சம் முரடாக இருந்தாலும் அந்தக் கொதிக்கும் அறை பார்த்துக்கொள்ளும். பம்ப் பாஷ் நிறுவனத்தின் இன்லைன் பம்ப், கெட்டியான எண்ணெயை அழுத்தவும் அதற்குத் தெம்பு உண்டு. பாஷ் விஇ ரோட்டரி பம்ப் உள்ள பழைய ஃபோக்ஸ்வேகன்களும் பரவாயில்லை. லூகாஸ் வகை ரோட்டரி பம்ப் உள்ள வண்டிகளில் வேண்டவே வேண்டாம், குளிர்ந்த எண்ணெய் ஏறினால் உள்ளே தண்டு முறிந்துவிடும்.

காமன் ரெயிலும் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயரழுத்தக் குழாய்) புகைக்கரியைப் பிடிக்கும் துகள் வடிகட்டியும் உள்ள நவீனக் கார்களுக்கு எந்தக் கிட்டும் பொருந்தாது, விற்பவர் என்ன சொன்னாலும் சரி. அந்த வடிகட்டியைச் சுத்தம் செய்யப் பல வண்டிகளில் சிலிண்டருக்குள்ளேயே கூடுதலாக எரிபொருளைத் தாமதமாகத் தூவுவார்கள். அதில் ஒரு பகுதி இன்ஜின் ஆயிலில் இறங்கும். டீசலாக இருந்தால் சூட்டில் ஓரளவு ஆவியாகிவிடும். தாவர எண்ணெய் ஆவியாகாது. ஆயிலிலேயே தங்கி ஒருநாள் எல்லாம் சேர்ந்து ஜெல்லியாக உறைந்தால் இன்ஜின் அதோடு முடிந்தது.

கிட் நன்றாக இருந்தும் வண்டி கெட்டால், பெரும்பாலும் காரணம் எண்ணெய்தான். ஜெர்மனியில் கனோலா எண்ணெயை எரிபொருளாக விற்பதற்கென்றே அந்நாட்டுத் தரநிலை அமைப்பின் டின் 51605 என்ற தரம் உண்டு. கிலோவுக்குத் தண்ணீர் 750 மில்லிகிராமுக்குள், மொத்த அழுக்கு 24 மில்லிகிராமுக்குள், அமில எண் 2-க்குள், பாலிமராகும் குணத்தைக் காட்டும் அயோடின் எண் 125-க்குள் இருக்க வேண்டும். ஹோட்டல் வடைச்சட்டியிலிருந்து வரும் எண்ணெய் இந்த வரம்புகளில் ஒன்றையாவது தாண்டாமல் வராது. வாங்கியதை அப்படியே ஊற்றுவது தற்கொலைக்குச் சமம்.

முறை இது. இருநூறு லிட்டர் டிரம்மில் ஊற்றி, 60 டிகிரிக்குச் சூடாக்கி, அப்படியே ஆறவிட்டு ஒரு வாரம் தெளிய விடுங்கள். தண்ணீரும் மாவும் அடியில் தங்கும். எண்ணெய் எடுக்கும் குழாய் டிரம்மின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். வடிகட்டுவது எண்ணெய் ஆறிய பிறகுதான். சூட்டில் வடிகட்டினால் உருகிய கொழுப்பு துணி வழியே நழுவி, பிறகு கார் ஃபில்டரில் போய் உறைந்து அடைக்கும். பத்து மைக்ரான் பை, பிறகு ஐந்து, கடைசியில் ஒன்று.

தண்ணீர் போய்விட்டதா என்று பார்க்க இரும்புச் சட்டி போதும். சட்டியை 150 டிகிரிக்குக் காயவைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயை நடுவில் விட்டு, மேலிருந்து கூர்ந்து பாருங்கள். கடுகுபோலப் படபடவென்று வெடித்தால் தண்ணீர் தனியாகவே இருக்கிறது, டிரம்மை மறுபடி சூடாக்குங்கள். சத்தமில்லாமல் ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக எழும்பினால் கரைந்த ஈரம் இருக்கிறது, இன்னும் காய வேண்டும். குமிழியே இல்லாமல் எண்ணெய் மெதுவாகப் பரந்து மினுங்கினால்தான் காருக்கு.

அமிலம் எவ்வளவு என்று பார்க்க டைட்ரேஷன் என்ற சோதனை. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் சரியாக ஒரு கிராம் காஸ்டிக் சோடா. பத்து மில்லி ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஒரு மில்லி எண்ணெய், நிறம் மாறிக் காட்டும் பினால்ப்தலீன் இரண்டு சொட்டு. சோடாக் கரைசலைச் சொட்டுச்சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிற்கும்வரை எத்தனை மில்லி பிடித்தது என்று பாருங்கள். எண்ணெய் இல்லாத ஆல்கஹாலுக்குப் பிடித்த அளவைக் கழித்துவிடுங்கள். 1.3 மில்லிக்கு மேல் போனால் ஜெர்மன் வரம்பான 2-ஐத் தாண்டிவிட்டது என்று கணக்கு. அமிலம் பம்பின் உலோகத்தை அரிக்கும், வடிகட்டிப் போக்க முடியாது. அந்தக் கடையை விட்டுவிட்டு எண்ணெயை அடிக்கடி மாற்றும் கடையைத் தேடுங்கள்.

எண்ணெய் வகையும் முக்கியம். அயோடின் எண் கூடினால் பாலிமராகும் குணம் கூடும். சோயாவும் சாதாரணச் சூரியகாந்தியும் 125-ஐத் தொட்டோ தாண்டியோ நிற்கும். கனோலாவும் கடலையும் பாதுகாப்பான பக்கம். தேங்காய் எண்ணெய் அயோடினில் மிக நல்லது, ஆனால் 25 டிகிரிக்குக் கீழே உறையும். பாமாயிலும் அப்படித்தான். செக்கெண்ணெய் தூய்மையானது என்று நினைத்துப் புத்தம்புதிதாக ஊற்ற ஆசைப்படுபவர்கள் கவனிக்க வேண்டும். பிசின் நீக்காத எண்ணெயில் பாஸ்பரஸ் அதிகம், அது எரிந்து சாம்பலாகப் படியும். சமையலுக்கு நல்லது, இன்ஜினுக்கு ரீஃபைண்ட்தான்.

ஓட்டத்தில் வித்தியாசம் அதிகம் தெரியாது. லிட்டருக்குச் சக்தி நான்கைந்து சதவீதம் குறைவு. அடிக்கடி வரும் தொல்லை காற்று. கெட்டியான எண்ணெயை லிஃப்ட் பம்ப் உறிஞ்சும்போது, தளர்ந்த கிளிப் வழியே காற்று புகுந்து இன்ஜின் விக்கும். எண்ணெய் வெளியே கசியாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. பம்புக்கு முன்னால் ஒரு சாண் ஒளிபுகும் ஹோஸ் போட்டால் குமிழி தெரியும். கிட்டோடு வரும் திருகு கிளிப்புகளை முதல் மாதத்தில் இரண்டு முறை முடுக்குங்கள். சாதாரண ரப்பர் ஹோஸ் ஊறிப்போகும், எண்ணெயைத் தாங்கும் வைட்டான் ஹோஸ் போடுங்கள். ஃபில்டருக்குப் பின்னால், அடைப்பைக் காட்டும் வேக்குவம் கேஜ் வைத்தால் ஃபில்டரை எப்போது மாற்றுவது என்று யோசிக்க வேண்டாம். இன்ஜின் ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள், இதில் கஞ்சத்தனம் கூடாது.

பவேரியாவின் எல்ஸ்பெட் நிறுவனத்தின் ஒற்றை டேங்க் முறை வேறு பாதை. இன்ஜெக்டர் முனை, ஸ்டார்ட்டுக்குச் சூடேற்றும் குளோ பிளக், ஃபில்டர் சூடாக்கி எல்லாவற்றையும் மாற்றி, எண்ணெயிலேயே ஸ்டார்ட் செய்ய வைக்கிறது. சுவிட்ச் கிடையாது, மறதிக்கும் இடமில்லை. தரமான புதுக் கனோலா எண்ணெய் கிடைக்கும் ஊரில் அதுதான் மேல். பொரித்த எண்ணெயை நம்புகிறவர்களுக்கு இரட்டை டேங்க்தான்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 2007 முதல் ஆண்டுக்கு 2,500 லிட்டருக்குள் என்றால் எரிபொருள் வரி கிடையாது. அமெரிக்காவில் சுற்றுச்சூழல் முகமை இந்த எண்ணெயை எரிபொருளாகப் பதிவு செய்யவில்லை, சான்றில்லாத மாற்றத்தைச் சட்டமீறலாகவே பார்க்கிறது. இந்தியாவில் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசல் கார்கள் பொதுவாகக் காமன் ரெயிலும் துகள் வடிகட்டியும் உள்ளவை, ஆகவே இந்தப் பேச்சே வேண்டாம். பொரித்த எண்ணெய் கையில் இருந்தால், உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கிய ரூகோ திட்டத்தின்கீழ் பயோடீசலுக்காகச் சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடலாம்.

வண்டி மாதக்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் எண்ணெய் டேங்கைக் காலியாக்கி, ஐந்து லிட்டர் டீசல் விட்டு, சுவிட்சை எண்ணெய்ப் பக்கம் வைத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஃபில்டரும் எக்ஸ்சேஞ்சரும் சுத்தமாக இருக்கும், மறுபடி எடுக்கும்போது வால்வு ஒட்டிக்கொண்டிருக்காது.