அம்பாசடருக்கு அளவான சக்கரம்: ரப்பர் டயரா, பிரிண்ட் டயரா?

போன வருஷம் மாடல் கார் செய்ய, நிஜ வண்டியில் 1/24 அளவில் ஒரு அம்பாசடர் பாடி வாங்கினேன். ரெசினில் 3டி பிரிண்ட் போட்ட வெறும் கூடு. கண்ணாடி, சீட்டு, சக்கரம் எதுவும் கிடையாது. மற்றதையெல்லாம் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டிச் சமாளித்துவிட்டேன். சக்கரத்தில்தான் மூன்று மாதம் போயிற்று. பழைய டைகாஸ்ட் (உலோக வார்ப்பு) பொம்மைக் காரிலிருந்து கழற்றியது, ரெடிமேட் செட், லேத்தில் கடைந்த அலுமினியம், அளவு கொடுத்து பிரிண்ட் போட்டது என்று நாலையும் பார்த்தாகிவிட்டது. இப்போது வண்டி நிற்பது பிரிண்ட் சக்கரத்தில். அதனால் என் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவு குறைந்த வழி, பழைய காரிலிருந்து கழற்றுவது. மூர் மார்க்கெட்டில் கிளறி ஒரு உடைந்த ஸ்போர்ட்ஸ் காரை எடுத்து வந்தேன். நல்ல ரப்பர் டயர், அழகான பட்டன்கள். மாட்டிப் பார்த்தால், பெரியவர் வேட்டிக்குக் கீழே ஸ்கேட்டிங் ஷூ போட்ட மாதிரி இருந்தது. ரெடிமேட் செட்டிலும் இதே சிக்கல். 1/24இல் விற்பவை பெரும்பாலும் ஜப்பான் டியூனிங் கார்களுக்கானவை. 17, 18, 19 இன்ச் ரிம்மும் பட்டையான டயரும்தான் அதிகம்.

இங்கேதான் நான் முதலில் ஏமாந்தேன். அம்பாசடருக்கு 15 இன்ச், அதனால் 16 இன்ச் செட் வாங்கினால் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். நடந்தது தலைகீழ். இன்றைய காரில் சாதாரணமாக வரும் 205/55 ஆர்16 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 205 மி.மீ., அதில் 55 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழும் சேர்த்து 225.5 மி.மீ., ரிம் 406.4 மி.மீ. மொத்த உயரம் 632 மி.மீ. அம்பாசடரின் பழைய டயர் 5.90-15. அதில் சதவீதமே எழுதியிருக்காது, அகலம் 5.90 இன்ச், பக்கச்சுவரின் உயரமும் கிட்டத்தட்ட அதே அளவு. ரிம் ஒரு இன்ச் சின்னது, ஆனால் டயரோடு சேர்த்தால் அதுதான் உயரம்.

எவ்வளவு உயரம் என்று காகிதத்தில் கணக்குப் போட மனசு வரவில்லை. திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் ஒரு வெள்ளை அம்பாசடர் நிற்கிறது. ஓட்டுகிற அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, தையல்காரர் டேப்பை டயரைச் சுற்றிப் பிடித்தேன். அடியில் டேப் நுழையாது என்பதால் பஞ்சர் போட ஜாக்கி ஏற்றும் நாள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சுற்றளவு 209 செ.மீ. 3.14ஆல் வகுத்தால் சுமார் 665 மி.மீ.; 24ஆல் வகுத்தால் 27.7 மி.மீ. அந்த 205/55 இதே அளவில் 26.3தான். வித்தியாசம் 1.4 மி.மீ. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையும்.

சரி, அளவு கையில் இருக்கிறது, பிரிண்ட் போட்டுவிடலாம் என்று போனதில் இரண்டாவது அடி. 15 இன்ச் என்றால் 381 மி.மீ., 24ஆல் வகுத்தால் 15.9 மி.மீ. ரிம்மை அப்படியே வரைந்து கொடுத்தேன். வந்த சக்கரத்தைப் பார்த்தால் டயர் கொழுத்து, ரிம் சுருங்கிக் கிடந்தது. காரணம் பிறகுதான் உறைத்தது. 15 இன்ச் என்பது டயரின் பீடு, அதாவது ரிம்மைப் பிடித்துக்கொள்ளும் உள் ஓரம், உட்காரும் இடத்தின் விட்டம். வெளியே நம் கண்ணுக்குத் தெரிவது அதற்கும் மேலே எழும்பி நிற்கும் விளிம்பு. இந்த விளிம்பு மட்டும் மேலும் கீழும் சேர்த்துச் சுமார் 35 மி.மீ. வரும். அதையும் கூட்டினால் 416. 24ஆல் வகுத்தால் 17.3 மி.மீ. ரிம்மை 17.3 என்று மாற்றி மறுபடி போட்டதும்தான் அம்பாசடர் முகம் வந்தது. ரெடிமேட் செட் வாங்குகிறவர்களும் பெட்டியில் போட்டிருக்கும் இன்ச்சை நம்பாமல், வெர்னியர் வைத்து விளிம்பையும் மொத்த உயரத்தையும் தனித்தனியாக அளந்துவிடுங்கள். பெட்டியில் 1/25 என்று போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அமெரிக்க மாடல் கிட்டுகள் பலவும் அந்த அளவுதான். நம் டயர் அதில் 26.6 ஆகிவிடும்.

அப்புறம் வண்டியைக் கொண்டுபோய் அந்த அண்ணனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ஜாக்கி போட்ட மாதிரி நிக்குது?" என்றார். அவர் சொன்னது சரி. நிஜ டயர் பாரத்தில் அடியில் கொஞ்சம் அமுங்கி உட்காரும். அவர் வண்டியிலேயே ஹப்பின் நடுவிலிருந்து தரை வரை அளந்தால் 31 செ.மீ. சொச்சம், முழு ஆரம் 33க்கு மேல். இரண்டு செ.மீ. அமுக்கம் என்றால் நமக்கு 0.8 மி.மீ. டயரின் அடியை உப்புத்தாளில் அந்த அளவு தேய்த்தேன். கார் சட்டென்று தரையில் உட்கார்ந்தது. பிரிண்ட் டயரின் பக்கம் நான் முழுதாகச் சாய்ந்தது இந்த இடத்தில்தான். ரப்பரைத் தேய்த்தால் பிசிறுதான் வரும்.

ரப்பருக்கும் நியாயம் சொல்ல வேண்டும். பெயிண்ட் தேவையில்லை, கீழே விழுந்தால் உடையாது, தொட்டால் டயர் மாதிரியே இருக்கும். பிரிண்ட் டயர் ஒருமுறை மேஜையிலிருந்து விழுந்து எனக்கு ஒரு ஓரம் தெறித்துப் போயிருக்கிறது. கறுப்பில் சாம்பல் கலந்து மேட்டாக அடிக்காவிட்டால் பிளாஸ்டிக் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கிட்டுகளில் 'ரப்பர்' என்று வருவது பல சமயம் மென்மையான வினைல். அதிலிருக்கும் எண்ணெய்ப் பசை வெளியே கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் ரிம்மை மெல்ல அரிக்கும். என் பழைய கிட் ஒன்றில் டயரைக் கழற்றப் போனால் ரிம்மின் ஓரமும் சேர்ந்து பிய்ந்து வந்தது. நம்மூர் வெயிலுக்கு இது சீக்கிரமே வரும்.

லேத்தைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை. வியாசர்பாடியில் ஒரு பட்டறையில் ஒரே ஒரு ரிம் கடைந்து வாங்கினேன். விளிம்பு கத்தி மாதிரி சுத்தமாக இருந்தது, ஹப் கேப் மினுங்கியது. ஆனால் டயருக்கு மறுபடி ரப்பரைத் தேட வேண்டும். பாரிமுனையில் ஓ-ரிங் (கசிவு தடுக்கும் ரப்பர் வளையம்) கேட்டுப் பார்த்தேன். எனக்கு வேண்டிய தடிமனில் இவ்வளவு சின்ன உள்விட்டம் கிடைக்கவில்லை. 1/43 செய்கிறவர்களுக்கு ஒருவேளை சரிப்படலாம்.

இத்தனைக்கும் நான் இருப்பது டயர் ஊர். எம்ஆர்எஃப் 1946இல் இதே திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்துதான் தொடங்கியது, டயர் பிறகுதான் வந்தது. நான் டயரிலிருந்து பொம்மைக்கு வந்திருக்கிறேன்.

நாலு சக்கரத்துக்கும் பிரிண்ட் செலவு, தப்பாகப் போட்ட முதல் செட்டையும் சேர்த்து, 1,000 ரூபாய்க்குள் முடிந்தது. முடித்த வண்டியை மறுபடி அண்ணனிடம் நீட்டினேன். கண்ணுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப சரியா குந்தியிருக்கு" என்றார். பிறகு டிக்கியை விரலால் தட்டிவிட்டு, "ஸ்டெப்னி எங்க?"

ஐந்தாவது சக்கரத்துக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். இதற்கு அடியில் தேய்க்க வேண்டியதில்லை.