உதகையிலிருந்து அனுப்பிய டிஎன்ஏ: ஒரு என்எம்ஆர் சேவை பற்றிய மதிப்பீடு

உதகையில் உள்ள எங்கள் சிறிய ஆய்வகத்தில் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவி கிடையாது. அதனால் டிஎன்ஏ மாதிரிகளைச் சமவெளியில் இயங்கும் ஒரு கட்டணச் சேவை மையத்துக்கு அனுப்புகிறோம். அங்குள்ள 600 மெகாஹெர்ட்ஸ் கருவியில், 14.1 டெஸ்லா காந்தப்புலத்துக்குள் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் எழுப்பும் ரேடியோ அலைகளைப் பதிவு செய்கிறார்கள். முத்தொரையில் 326.5 மெகாஹெர்ட்ஸில் விண்ணைக் கேட்கும் அவ்வளவு பெரிய ரேடியோ தொலைநோக்கி பக்கத்திலேயே இருக்க, நாங்கள் ஒரு கண்ணாடிக் குழாயோடு மலை இறங்க வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

நீலகிரியில் வளரும் ஊசிக்களாச் செடியில் உள்ள பெர்பெரின் என்ற வேதிப்பொருள், டிஎன்ஏவில் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதே எங்கள் கேள்வி. அதற்கு முன்பாக, பெர்பெரின் சேராத டிஎன்ஏவின் நிறமாலை, அதாவது அதன் சமிக்ஞைகளின் வரைபடம், தெளிவாகக் கிடைத்தாக வேண்டும். அமெரிக்க உயிர்வேதியியலாளர் ரிச்சர்ட் டிக்கர்சனின் குழுவினர் 1980களின் தொடக்கத்தில் படிக அமைப்பை வெளியிட்ட, சிஜிசிஜிஏஏடிடிசிஜிசிஜி என்ற 12 காரங்கள் (டிஎன்ஏவின் 'எழுத்துகள்') கொண்ட துண்டையே எடுத்துக்கொண்டோம். படிகத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். கரைசலில் அந்த நெருக்கடி இல்லாதபோது சுருள் எப்படி இருக்கிறது என்பதை என்எம்ஆர் காட்டும்.

முதல் முறை கிடைத்த நிறமாலை ஏமாற்றமளித்தது. காரங்கள் இணை சேர்ந்திருப்பதற்கு நேரடிச் சான்று, குவானின், தைமின் ஆகிய காரங்களின் இமினோ புரோட்டான்கள் (காரங்களை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள்) நிறமாலையின் கிடை அளவுகோலில் 12 முதல் 14 பிபிஎம் வரையிலான பகுதியில் தரும் சமிக்ஞைகள்தான். மையத்தில் வழக்கமான சிறுமூலக்கூறு அமைப்பிலேயே ஓட்டியதால் நிறமாலை 12 பிபிஎம்முக்கு முன்பே முடிந்துவிட்டது. போதாக்குறைக்கு, நீரின் சமிக்ஞையை அடக்க பதிவுக்கு முன்பே நீரின் அதிர்வெண்ணில் தொடர்ந்து ரேடியோ அலை செலுத்தும் முன்செறிவூட்டல் (presaturation) முறையைப் பயன்படுத்தியிருந்தார்கள். நீரில் உள்ள புரோட்டான்களின் செறிவு 110 மோலார். எங்கள் டிஎன்ஏவின் செறிவு ஒரு மில்லிமோலாருக்கும் குறைவு. ஆகவே நீரை அடக்குவது கட்டாயம்தான். ஆனால் இமினோ புரோட்டான்கள் நீரோடு இடைவிடாமல் இடம் மாறிக்கொள்வதால், நீரை அப்படி அடக்கும்போது அவையும் சேர்ந்தே மங்கிவிடும். மூலத் தரவுக் கோப்புகளைத் தராமல் வெறும் பிடிஎஃப் படத்தை மட்டும் அனுப்பியது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இரண்டாம் முறை ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன்: 90 சதவீத நீர், 10 சதவீத கனநீர் (சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள நீர்), குறைந்த வெப்பநிலை, 20 பிபிஎம்முக்கு மேற்பட்ட அகலம், நீரை அடக்க, இமினோ சமிக்ஞைகளை மங்கவிடாத வாட்டர்கேட் (WATERGATE) முறை. இம்முறை ஐந்து இமினோ சமிக்ஞைகள் தெளிவாக வந்தன. இரு இழைகளும் ஒன்றேயாகையால் 12 இணைகளுக்கு ஆறு சமிக்ஞைகளே எதிர்பார்க்கப்படும். சுருளின் முனையில் உள்ள இணை அடிக்கடி அவிழ்ந்து நீரோடு கலப்பதால் ஆறாவது மறைந்துவிடுவது இயல்பு, அதற்கு மையத்தைக் குறை சொல்ல முடியாது.

இரவு முழுவதும் கனநீரில் எடுத்துக் கொடுத்த இருபரிமாண நோயெஸி (NOESY) நிறமாலைதான் இந்தச் சேவையின் உண்மையான பலம். சுமார் 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் நெருங்கியிருக்கும் புரோட்டான்களே அதில் குறுக்குப் புள்ளிகளாகத் தெரியும். தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அவற்றின் வலிமை குறைவதால், சற்றே விலகினாலும் புள்ளி மங்கும். ஒவ்வொரு காரத்தின் புரோட்டானும் தன் சர்க்கரையின் புரோட்டானோடும், அதற்கு முந்தைய சர்க்கரையின் புரோட்டானோடும் புள்ளி தருவதைப் பிடித்துக்கொண்டு, படிப்படியாக இழையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துவிட முடிந்தது. பின்னணி இரைச்சல் மிகக் குறைவு. இரவு முழுவதும் வெப்பநிலையும் அசையவில்லை.

கட்டணம் நியாயமானது, பதில் வர இரண்டு வாரம் ஆகிறது. மலையிலிருந்து அனுப்புபவர்கள் குழாயில் கரைசலாக அனுப்ப வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி மூடி கசிந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. டிஎன்ஏவைப் பாஸ்பேட் பஃபரோடு உறையவைத்து உலர்த்திப் பொடியாக அனுப்பி, அங்கேயே கரைத்து, 90 டிகிரி வரை சூடாக்கி மெதுவாக ஆறவிடும்படி கேட்டுக்கொண்டால் இழைகள் சரியாக இணை சேரும். அதைச் சொன்னபடியே செய்கிறார்கள். பெர்பெரின் சேர்த்த மாதிரியையும் இவர்களிடமே அனுப்பப்போகிறேன், அதே ஒரு பக்கக் குறிப்போடு.