கீசர் செலவைக் குறைக்க எதை முதலில் செய்வது? டர்பன் வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பிரீபெய்டு மீட்டரில் யூனிட் இறங்கும் வேகத்தைப் பார்த்துக் கவலைப்படும் வீடுகளில் முதலில் அணைக்கப்படுவது விளக்குதான். அது தவறில்லை. ஆனால் 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று ஏறத்தாழ ஒன்றரை நாள் இடைவிடாமல் எரிவதற்கு வேண்டிய மின்சாரம், பழைய ஷவரின் கீழ் ஒரே ஒரு நிமிடம் வெந்நீரில் நிற்பதற்கே செலவாகிவிடுகிறது. ஆகவே சிக்கனமாக வாழ நினைப்பவர், கூரைக்கு அடியில் கண்ணில் படாமல் கிடந்து நீரைச் சூடாக்கும் மின் தொட்டியான கீசரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். நான்கு பேர் உள்ள குடும்பம், 20 டிகிரி குழாய் நீரை 40 டிகிரியாக்கிக் குளிக்கிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டும் பழைய ஷவரில் ஆளுக்கு 7 நிமிடம் குளித்தால் மாதம் 290 யூனிட்டுக்கு மேல் ஆகும். நிமிடத்துக்கு 9 லிட்டர் விடும் ஷவர் முனையை மாற்றினால், குளிக்கும் நேரம் அதேயானாலும் 176 யூனிட்தான். ஆளுக்கு 20 லிட்டர் வாளி நீரும் ஒரு சொம்பும் போதும் என்றால் 56 யூனிட். இதற்குக் கூலியில்லை, கடன் இல்லை. நம் ஆயாக்கள் குளித்த முறையும் இதுதான். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குக் குனிந்து மொள்வது சிரமம் என்பதை மறுக்கவில்லை. அவர்களுக்கு ஒரு முக்காலியும், வாளியை வைக்கச் சற்று உயரமான இடமும் அமைத்துக் கொடுக்கலாம், அல்லது ஷவரையே விட்டுவிடலாம். வீட்டில் மற்ற மூவர் மாறினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

இப்போது பலரும் முதலில் கேட்கும் டைமரை, அதாவது குறித்த நேரத்தில் மட்டும் கீசரைப் போட்டு அணைக்கும் கருவியை, எடுத்துக்கொள்வோம். கீசரை அணைத்து மறுபடி போட்டால் கூடுதல் மின்சாரம் இழுக்கும் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது உண்மையன்று. நீர் ஆறும்போது இழந்த வெப்பத்தைத்தான் மறுபடி கொடுக்கிறோம். நீர் எவ்வளவு ஆறியிருக்கிறதோ அவ்வளவு குறைவாகவே அது மேலும் வெப்பத்தை வெளியே விடும். எனவே அணைத்து வைப்பது எப்போதும் இலாபமே, ஆனால் அந்த இலாபம் சிறியது. பழைய 150 லிட்டர் கீசர் சும்மா இருக்கும்போது நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை யூனிட் வெப்பத்தை இழக்கிறது. மாதத்துக்கு அதிகபட்சம் 75 யூனிட். டைமரோ, வெப்பம் வெளியேறாமல் கீசரைச் சுற்றிப் போர்த்தும் போர்வையோ அதில் ஒரு பகுதியைத்தான் மிச்சம் பிடிக்கும். கீசரின் மேல் கை வைத்துச் சூடாக இருந்தால் போர்வை பயன் தரும். தண்ணென்று இருந்தால் அந்தப் பணத்தை ஷவர் முனைக்குக் கொடுங்கள். ஒரு செய்தியை மட்டும் மறக்க வேண்டாம்: சூட்டை 55 டிகிரிக்குக் கீழே நிரந்தரமாக இறக்கி வைத்தால் தொட்டியில் நுரையீரல் நோய் தரும் லெஜியோனெல்லா நுண்ணுயிர் வளர இடமுண்டு. 60 டிகிரியே நல்லது.

கேஸ் கீசருக்கு ஒரு தனி நன்மை உண்டு. குழாயைத் திறந்தால்தான் எரியும், ஆகையால் சும்மா இழக்கும் வெப்பமே கிடையாது. பேட்டரியால் பற்றவைக்கும் வகையானால் 2023இல் பட்ட லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) துன்பம் திரும்பி வந்தாலும் குளிக்க வெந்நீர் இருக்கும். விலையில் யார் வெல்கிறார் என்பதை வீட்டிலேயே கணக்கிடலாம். 9 கிலோ சிலிண்டர் ஏறத்தாழ 100 யூனிட்டுக்கு ஈடான வெப்பத்தை நீருக்குக் கொடுக்கும். உங்கள் ரசீதில் உள்ள யூனிட் விலையை நூறால் பெருக்கிப் பாருங்கள். சிலிண்டர் அதைவிட மலிவானால் கேஸ் நல்லது. எரிவாயுவுக்கு அரசு வைக்கும் உச்ச விலை மாதந்தோறும் மாறுவதால் இக்கணக்கை ஒருமுறை போட்டு நிறுத்திவிட முடியாது. பதிவு பெற்றவர் பொருத்திச் சான்றிதழ் தர வேண்டும். அதைத் தவிர்த்துக் கிடைக்கும் சேமிப்பு எனக்கு வேண்டாம்.

சோலார் கீசர்தான் இவற்றுள் பெரியது, செலவிலும் பலனிலும். டர்பனில் மழை கோடையில் பெய்து குளிர்காலம் தெளிவாக இருப்பதால், வெந்நீர் மிகவும் தேவைப்படும் மாதங்களிலேயே வெயிலும் நமக்குத் துணை நிற்கிறது. தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து, வெயிலை வாங்கும் பலகையைத் தெற்கு நோக்கி வைத்துவிடாதீர்கள். இங்கே அது வடக்கு நோக்கி, 30 டிகிரி சாய்வை ஒட்டி இருக்க வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் போல உறைபனி விழும் உள்நாட்டு ஊர்களுக்கு உறையாத திரவம் சுற்றும் வகையே பொருத்தம். கண்ணாடிக் குழாய்களில் நீர் சூடாகும் வெற்றிடக் குழாய் வகையை வாங்குபவர்கள் தண்ணீர்த் தடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் டோங்காட்டில் மாதக்கணக்கில் நீர் வராததைக் கண்டோம், வெறும் குழாய் வெயிலில் காய்ந்திருக்கையில் குளிர்நீர் ஏறினால் கண்ணாடி வெடிக்கக்கூடும்.

2011இல் வந்த கட்டட விதிப்படி, புதிய வீடுகளில் ஆண்டுக்கு வேண்டிய வெந்நீரில் பாதியையாவது மின் கம்பிச் சுருளால் சூடாக்குவது அல்லாத வழியில் பெற வேண்டும். ஆனால் சாட்ஸ்வர்த்தின் வீடுகளில் பல 1960களில் கட்டப்பட்டவை. அங்கே முடிவு நம்முடையது. நான் சொல்லும் வரிசை இதுதான்: ஷவர் முனையும் வாளியும் இந்த வாரம், டைமர் பிறகு, சோலார் கடைசியில். தண்ணீர்ச் செலவைக் குறைத்த பின் சோலார் போட்ட பணம் திரும்ப நாளாகும் என்பது உண்மை. ஆனால் அப்போது வாங்க வேண்டியதும் சிறியதாகிவிடும். 60 டிகிரி நீரில் 10 லிட்டருடன் குழாய் நீர் 10 லிட்டர் கலந்தால் ஒரு வாளி. நால்வருக்கு 40 லிட்டர் போதும், 150 லிட்டர் தொட்டி எதற்கு?

பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்வி, கீசர் வெடித்துக் கூரை ஒழுகும் நாளில்தான் எழுகிறது. அன்று பிளம்பர் கொண்டுவந்ததை மறுக்க நேரம் இருக்காது. என்ன அளவு, எந்த வகை, கூரையின் வடக்குப் பக்கம் எவ்வளவு இடம் உண்டு என்பதை ஒரு தாளில் எழுதி, காப்பீட்டு ஆவணத்துடன் இப்போதே வைத்துவிடுங்கள்.