சாயங்கால இங்கிலீஷ் கிளாஸ்: பனியன் கம்பெனிக்காரங்களுக்கு ஏத்ததுங்க

திருப்பூர்ல பையருக்கு, அதாவது நம்மகிட்ட துணி வாங்கற வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்களுக்கு, மெயில் எழுதற வேலையில இருக்கறவங்க இந்த கிளாஸுக்கு தைரியமா சேரலாமுங்க. நான் மெர்ச்சண்டைசர், பையர்கிட்ட பேசி ஆர்டரைப் பார்த்துக்கற வேலைங்க. லண்டன் பையர் 'ஐ ஹேட் எ பிரெயின்வேவ்'னு எழுதியிருந்தாங்க. போன் ஆப் 'மூளை அலை'ன்னு காட்டுச்சு.

மேடம்கிட்ட கேட்டதும் போர்டுல அந்த வார்த்தைக்கு இருக்கற ரெண்டு அர்த்தத்தையும் எழுதுனாங்க. ஒண்ணு ஆஸ்பத்திரியில இ.இ.ஜி. எடுக்கறப்ப தெரியற மூளை அலை. ஹான்ஸ் பெர்கர்ங்கற ஜெர்மன் டாக்டர் 1929ல அதைப்பத்தி கட்டுரை வெளியிட்டாராம். இன்னொண்ணு, நமக்கு சட்டுனு பொறி தட்டறது. பையர் சொன்னது இதைத்தான்.

"ஏனுங் மேடம், பிரெயின்ஸ்டார்மும் அதேதானுங்களா?"ன்னு பேக்கிங் செக்‌ஷன் அண்ணன் கேட்டாரு. அமெரிக்காவுல அதேதான், பிரிட்டன்லயோ புத்தி கொஞ்ச நேரம் தடுமாறிப்போறதையும் அப்படிச் சொல்லுவாங்க, பார்த்து எழுதுங்கன்னாங்க. எந்த நாட்டு பையருக்கு எழுதறோம்ங்கறதை வச்சே சொல்லிக்கொடுக்கறாங்க பாருங்க, அதுக்கே ஃபீஸ் தகும்.

அப்புறம் எங்க வேலையில இருந்தே வாக்கியம் எழுதச் சொன்னாங்க. காலருக்கு வெக்கற ரிப் துணியையும் (இழுத்தா நீளறது) உடம்புப் பக்கத்துக்கு வர்ற பாடி துணியையும் ஒரே லாட்டுல சாயம் போட்டா ஷேடு ஒத்து வரும்ங்கற யோசனையை நான் 'பிரெயின்வேவ்' போட்டு எழுதுனேன். பழகுன பையருக்கு சரி, விலை பேசற மெயில்ல மட்டும் வேண்டாம்னு திருத்துனாங்க.

காது பழகறதுக்குப் பயிற்சி பத்தலைங்க. வெள்ளைக்காரங்க போன்ல வேகமாப் பேசறதை ஓடவிட்டுக் கேக்க வைக்கணும். வாரநாள்ல கூட்டம் நெருக்குது, ஞாயித்துக்கிழமை பேட்ச் கேட்டு வாங்கிக்கங்க.