ஜப்பானில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஜப்பானில் வேலை பார்க்கும் நம் ஆட்களில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசை உள்ளவர்கள் நிறையப் பேர். வாரக் கடைசியில் கடை கடையாக ஏறி இறங்குகிறீர்கள் என்றால், இரண்டு நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதை முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லை.

நான் தேடியது நிசான் சில்வியா எஸ்15, ஸ்பெக் ஆர். 1999 ஜனவரியில் வந்து 2002 ஆகஸ்டில் நின்றுபோன மாடல். 2 லிட்டர் டர்போ எஞ்சின், 250 குதிரைத்திறன், 6 கியர். கல்லூரி நாளிலிருந்து மனதில் இருந்த கார். டோக்கியோவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆன பிறகுதான் கையில் அதற்கான பணம் சேர்ந்தது. இந்தக் காரில் நல்ல நிலையில் இருப்பது கிடைப்பதே கஷ்டம். பாதிக்கு மேல் டிரிஃப்ட், அதாவது வளைவில் சறுக்கவிட்டு, ஓட்டி இடித்தவை, மீதியில் பலதும் வெட்டி ஒட்டியவை.

2023 நவம்பரில் சைதாமாவில் ஒரு கடையில் ஒன்று கிடைத்தது. வெள்ளி நிறம், எதையும் மாற்றாமல் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. முதல் பதிவு 1999 பிப்ரவரி. பின் கண்ணாடியில் நாரித்தா கோயிலின் சாலைப் பாதுகாப்பு ஸ்டிக்கர், கீழ் மூலை உரிந்து சுருண்டிருந்தது. டேஷ்போர்டில் வெயில் பட்டு விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்தபோது மிக உயரத்தில் பிடித்தது, தேய்ந்ததன் அடையாளம். அதை மாற்றித் தர வேண்டும் என்று கேட்டேன், சரி என்றார்கள். கிளட்ச், ஷாகென் எனும் கட்டாய வாகனச் சோதனை, எல்லாச் செலவும் சேர்த்து 36 லட்சத்து 50 ஆயிரம் யென். 18ஆம் தேதி, சனிக்கிழமை, ஆர்டர் பாரத்தில் கையெழுத்துப் போட்டு 2 லட்சம் யென் கட்டினேன்.

டோக்கியோவில் நிறுத்த இடம் இருப்பதாகப் போலீஸ் நிலையச் சான்று இல்லாமல் காரை நம் பெயரில் பதிவு செய்ய முடியாது. அதற்காக வீட்டுக்குப் பக்கத்தில் மாதம் 22,000 யென்னுக்கு ஓர் இடம் எடுத்தேன். அந்தச் சான்றையும், கையெழுத்துக்குப் பதில் இங்கே வைக்கும் என் முத்திரைக்கான அரசுச் சான்றையும் டிசம்பர் முதல் வாரத்திலேயே கடையில் கொடுத்துவிட்டேன். அப்புறம் காத்திருப்புதான். போன் செய்தால், கிளட்ச்சைக் கழற்றிவிட்டோம், பாகம் வர வேண்டும் என்றார்கள். அடுத்த முறை, வருடக் கடைசி விடுமுறை என்றார்கள். அதற்குள் போலீஸ் சான்றின் ஒரு மாதக் கெடு முடிந்தது. மறுபடி வாங்கிக் கொடுத்தேன்.

2024 ஜனவரி 20 அன்று கடையிலிருந்தே போன் வந்தது. சேசிஸில் துரு தெரிகிறது, இப்படிப்பட்ட காரை உங்களுக்குக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை, பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று மிகப் பணிவாகச் சொன்னார்கள். நான் நன்றி சொல்லி வைத்தேன். உண்மையாகவே நன்றி சொன்னேன்.

பிப்ரவரியில் அதே காரை ஒரு ஏற்றுமதித் தளத்தில் பார்த்தேன். அதே வெள்ளி நிறம், பின் கண்ணாடியில் மூலை சுருண்ட அதே ஸ்டிக்கர், டேஷ்போர்டில் அதே விரிசல். விலை 39,800 டாலர். யென்னில் ஏறக்குறைய 60 லட்சம். துரு பற்றி ஒரு வரி கூட இல்லை. விளம்பரத்தின் முதல் வாசகமே, இந்தக் கார் இப்போது அமெரிக்காவுக்குள் வரலாம் என்பதுதான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

யோகோஹாமாவிலிருந்து கார் ஏற்றுமதி செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். இந்தத் தொழிலில் இருபது வருடமாக இருப்பவர். முழுவதும் கேட்டுவிட்டு, "தம்பி, அவை உங்களை வைச்சு நாளைக் கடத்தியிருக்கினம்" என்றார்.

அவர் விளக்கியது இது. தங்கள் நாட்டுப் பாதுகாப்புத் தரத்துக்குத் தயாரிக்கப்படாத காரை அமெரிக்கர்கள் சுலபமாக இறக்குமதி செய்ய முடியாது. 1988இல் வந்த சட்டப்படி, கார் தயாராகி 25 வருடம் முடிந்தால் அந்தத் தடை விலகுகிறது. கணக்கு மாதத்தோடு பார்க்கப்படும். பதிவான மாதத்தை விட்டுவிட்டுத் தயாரான மாதத்தைத்தான் பார்ப்பார்கள். நான் முதல் முறை கடைக்குப் போனபோது ஒருவர் பானெட்டைத் திறந்து சேசிஸ் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சில்வியா எஸ்15 அமெரிக்காவில் விற்கப்பட்டதே இல்லை. ஆகவே 1999 தொடக்கத்தில் தயாரான முதல் எஸ்15 கார்களுக்கு 2024 தொடக்கத்தில் கதவு திறந்தது. நவம்பரில் எனக்கு விற்ற காருக்கு ஜனவரியில் வேறொரு சந்தை முளைத்துவிட்டது.

நிசானின் ஸ்கைலைன் ஜிடி-ஆர் கார்களுக்கும் இதுவே நடந்தது. 1989இல் வந்த ஆர்32க்கு 2014இல் கெடு முடிந்தது, 1995இன் ஆர்33க்கு 2020இல், 1999இன் ஆர்34க்கு 2024இல். ஒவ்வொன்றுக்கும் கெடு நெருங்க நெருங்க விலை ஏறியது. ஆர்34 ஜிடி-ஆர் மொத்தமே சுமார் 11,500தான் தயாரானது. அதைச் சம்பளக்காரர் யாரும் இனி நினைத்துப் பார்க்க முடியாது. கனடாவில் இதே விதி 15 வருடம் என்பதால் அவர்கள் முன்பே வந்து வாங்கிப் போனார்கள். இதற்கு மேல் யென்னின் சரிவு வேறு. 40 லட்சம் யென் கார், ஒரு டாலருக்கு 110 யென் இருந்த 2021இல் அமெரிக்கருக்கு 36,000 டாலருக்கு மேல். 150 யென் ஆனபோது அதே கார் 27,000 டாலருக்கும் குறைவு. நமக்கு விலை ஏறியதாகத் தெரியும் அதே நேரத்தில் அவர்களுக்கு மலிவாகத் தெரிகிறது. வாங்குபவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் இந்தக் கார் கனவுதான். எனக்குக் கோபம் என்னோடு கையெழுத்துப் போட்டவர் மேல்.

"நீங்க குடுத்தது என்ன காசு எண்டு ரசீதில பாருங்கோ" என்றார் அண்ணன். பார்த்தேன். மோஷிகொமிகின் என்றிருந்தது, அதாவது விண்ணப்பப் பணம். கடை மனம் மாறினால் வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்தால் போதும். தெத்சுகேகின், அதாவது ஒப்பந்தத்தை உறுதிசெய்யும் பணம், என்று எழுதி வாங்கியிருந்தால் ஜப்பான் சிவில் சட்டத்தின் 557ஆம் பிரிவு வருகிறது. விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். நம் ஊரில் இரண்டையும் முன்பணம், அட்வான்ஸ் என்று ஒரே பெயரில் சொல்லிப் பழகிவிட்டோம். நானும் அப்படித்தான் நினைத்துக் கட்டினேன்.

நுகர்வோர் உதவி எண் 188ஐ அழைத்தேன். எங்கள் வட்டார மையத்துக்கு இணைத்தார்கள். அங்கே பேசிய அம்மா ஆர்டர் பாரத்தின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார். பொடி எழுத்தில் இருந்த விதி இது: காரை வாங்குபவர் பெயரில் பதிவு செய்த நாள், அவர் கேட்ட பழுதுவேலையைத் தொடங்கிய நாள், காரை ஒப்படைத்த நாள், இம்மூன்றில் எது முதலில் வருகிறதோ அன்றுதான் ஒப்பந்தம் உருவாகும். இங்குள்ள கடைகள் பரவலாகப் பயன்படுத்தும் அச்சுப் பாரத்தில் இதே வாசகம்தான் இருக்கிறது. அதற்கு முன் வாங்குபவரும் விலகலாம், விற்பவரும் விலகலாம். நான் ஒன்றரை மாதம் முன்பே எல்லாச் சான்றும் கொடுத்தும் பதிவு ஏன் தள்ளிக்கொண்டே போனது என்று அப்போதுதான் விளங்கியது.

அடுத்து அந்த அம்மா கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. "கிளட்ச்சைக் கழற்றிவிட்டோம் என்று அவர்கள் சொன்னதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?"

இல்லை. எல்லாம் போனில். ஒரே ஒரு மின்னஞ்சல், கழற்றிய கிளட்ச்சின் ஒரு போட்டோ இருந்திருந்தால், வேலை தொடங்கிய அன்றே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று வாதாடியிருக்கலாம். கடையில் மையம் கேட்டபோது, அப்படிச் சொல்லவே இல்லை என்றார்கள். 2 லட்சம் திரும்ப வந்தது. இரண்டு முறை போலீஸ் சான்று வாங்கிய கட்டணத்தையும் மையம் பேசி வாங்கித் தந்தது. கார் நிறுத்தும் இடத்துக்குக் கட்டிய வாடகை போனது போனதுதான்.

இடையில் அதே கடை எனக்கு இன்னொரு எஸ்15 காட்டியது. விலை 10 லட்சம் கூடுதல். பானெட்டைத் திறந்தேன். முன் ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்திருந்தது, ஸ்பேனர் பட்ட தழும்பு. டிக்கியில் விரிப்பைத் தூக்கினால் தரைத் தகடு அலை அலையாக இருந்தது. ஏலத் தாளைக் கேட்டேன். பெரிய ஏலங்களில் காரைச் சோதித்து மதிப்பெண் போடும் தாள் அது, ஆர் என்ற எழுத்து இருந்தால் இடித்துச் சீர்செய்த வண்டி. தாள் தொலைந்துவிட்டது என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

ஆகவே, நீங்கள் தேடும் கார் அமெரிக்காவில் விற்கப்படாதது என்றால், முதலில் அது தயாரான மாதத்தைக் கேளுங்கள். 25 வருடம் முடிய இன்னும் சில மாதமே இருந்தால் கடைக்காரருக்கு உங்களை விட்டுவிட எல்லாக் காரணமும் இருக்கிறது. ஆர்டர் பாரத்தில் சிறப்பு நிபந்தனைக்கென்று ஓர் இடம் காலியாக இருக்கும். இந்தத் தேதிக்குள் என் பெயரில் பதிவு, பணம் தெத்சுகேகின் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். வேலை தொடங்கியதும் போட்டோவோடு மின்னஞ்சல் கேளுங்கள். போனில் பேசினால், பேசியதை அன்றே நீங்கள் எழுதி அனுப்பிப் பதில் வாங்குங்கள்.

போன மாதம் இதை இரண்டு கடையில் கேட்டேன். ஒருவர், அப்படியெல்லாம் எழுதுவது வழக்கமில்லை என்றார். சிபாவில் இருந்தவர் மறுபேச்சில்லாமல் எழுதி, பக்கத்தில் முத்திரையும் வைத்தார். நான் அங்கே எடுத்தது டொயோட்டா எம்ஆர்-எஸ். அது வேறு பெயரில் அமெரிக்காவிலும் விற்ற கார் என்பதால், அதைத் தேடி இங்கே வர அவர்களுக்கு அவசியமில்லை. ஒன்பதாம் நாள் என் பெயரில் பதிவாகிவிட்டது.